கஜு போடாத பொதி

அடுப்பே இல்லாத சமையலறையில் அத்தனை காலம் வேலை செய்துவிட்டு, கையில் தீக்காயத் தழும்போடு ஓய்வு பெற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தேநீர் ஊற்றும்போது கோப்பையில் ஊற்ற வேண்டியதைக் கையில் ஊற்றிக்கொண்டதால் வந்த தழும்பு அது. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் அதைப் பெரிய போர்க்காயம் என்று எண்ணி மரியாதையாகப் பார்ப்பதைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன். இன்றைக்கு அந்த மரியாதையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். மேற்கொண்டு சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டுமே.

நிஸ்தார் உங்களுக்கு முதலாளி, எனக்கு மனைவியின் தம்பி. "மச்சான், புள்ளைகளுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்களன்" என்று அவன்தான் கேட்டான். வெள்ளரிக்காயை எந்தக் கனத்தில் வெட்டுவது, தயிரை எப்படித் துணியில் கட்டித் தொங்கவிடுவது என்பதையெல்லாம் அவனே காட்டித் தருவான், என்னைவிட நன்றாகவே. எனக்கு எழுதத் தெரிந்தது பயப்படுவது எப்படி என்பது மட்டும்தான். அந்தப் பாடத்தில் இந்தக் கரையோரத்தில் எனக்குப் போட்டி கிடையாது.

கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலின் குளிர்ச் சமையலறையில் நான் வேலை செய்தேன். ஊருக்கு வந்ததும் 'செஃப்' என்று சொல்லிக்கொண்டேன். அங்கே நான் செய்தது பெரும்பாலும் வெள்ளரிக்காய் வெட்டியதுதான். ஆனால் வெட்டிய இடம் செஃப்புக்குப் பக்கத்தில். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அரபிக்காரர் எங்கள் மேசைகளைச் சுற்றி வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "இதை யார் தொட்டது?" ருசியைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டார். ஒருநாள் என் சுறுசுறுப்பைக் காட்டுவதற்காக, "எல்லாவற்றையும் நான்தான் தொட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். "அப்படியானால் உன் மூக்கைச் சொறிந்ததும் நீதானே" என்று சொல்லி, தட்டோடு குப்பையில் கொட்டச் செய்தார். அன்றைக்கு அவரை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டுமளவுக்கு எனக்கு அரபி வராததால் வேலை தப்பியது.

பிறகுதான் விளங்கியது. அடுப்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கையில், கத்தியில், பலகையில் ஒட்டியிருக்கும் எத்தனையோ பிழைகளைக் கொதி பொறுத்துக்கொள்ளும். நம் வேலையில் பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நம் கையிலிருந்து அடுத்தவரின் வாய்க்கு நேர்ப்பாதை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கல்முனையில் நாங்கள் கடை திறந்த புதிதில் யாருக்கும் எங்கள் சாண்ட்விச் பிடிபடவில்லை. பாணுக்குள் டின் கொண்டைக்கடலையை அரைத்த பசை, வெள்ளரிக்காய், தக்காளி, ஒலிவ் காய், வடிகட்டிய எருமைத் தயிர். இதை வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, "காக்கா, உள்ளுக்கு வெக்க மறந்திட்டியள்" என்பார்கள். இறைச்சியோ மீனோ முட்டையோ இல்லாத பாண் அவர்களுக்கு முடிக்காமல் விட்ட வேலை மாதிரி. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது பச்சைச் சம்பல்தான். மத்தியதரைக் கடல் பக்கத்தில் அதற்கு ஏதோ ஒரு விலை உயர்ந்த கொட்டை போடுவார்கள். இங்கே அதற்கு எங்கே போவது? நான் முந்திரிப் பருப்பை, நம் கஜுவை, போட்டு, புதினா, மல்லியிலை, உள்ளி, தேசிக்காய்ப் புளி, ஒலிவ் எண்ணெய் சேர்த்து இடித்தேன். ஊர் நாக்கு அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் பேரும் வந்தது. பேர் வந்ததும் புத்தி போனது.

அந்த ஆண்டு எங்கள் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒன்றாக வந்தன. எங்களுக்குப் பகலில் எதுவும் கிடையாது, அவர்களில் பலருக்கு மீனும் இறைச்சியும் கிடையாது. சமைக்காத மரக்கறிச் சாண்ட்விச் விற்பவனுக்கு இப்படியொரு காலம் வாய்க்காது என்று நான் மகிழ்ந்திருந்தபோது ஜெசிந்தா ரீச்சர் கடைக்கு வந்தார். என் மகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். அவரைக் கண்டால் மகளுக்கு இருந்த பயம் எனக்கும் உண்டு.

"நானா, சனிக்கிழமை கோமாரியில எங்கட தென்னந்தோட்டத்தில குடும்பம் எல்லாம் சேருறம். கடற்காத்துக்கு அங்க அடுப்பு மூட்டேலாது. உங்கட அந்தக் குளிர்ச் சாப்பாடுதான் சரி. பச்சைச் சம்பல் கட்டாயம் வேணும்."

கூட வந்திருந்தவர் அவருடைய தங்கை ஷாமினி. கனடாவிலிருந்து லீவில் வந்தவர். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள், பெயர் ஈவா.

"பச்சைச் சம்பலில என்ன போடுறீங்க?" என்று ஷாமினி கேட்டார்.

"கஜு, மகள்."

அவர் பிள்ளையை ஒரு அடி பின்னுக்கு இழுத்தார். என்னிடமிருந்தே இழுத்த மாதிரி இருந்தது. "இவக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது நானா. சும்மா சொறியிற அலர்ஜி இல்ல. துளி பட்டாலும் தொண்டை அடைச்சுப்போகும். ஒருக்கா ஆஸ்பத்திரியில வெச்சித்தான் காப்பாத்தினது. ஊசி எப்பவும் என்ட பைக்குள்ள இரிக்கி."

"அவக்கு நாங்க பிஸ்கட் கொண்டு போவம். நீங்க மத்தாக்களுக்குச் செய்யுங்க" என்றார் ரீச்சர்.

"திரும்பவும் பிஸ்கட்டா?" என்றாள் ஈவா.

ஷாமினி சிரிக்க முயன்றார். "வந்த நாளில இருந்து போற வீடெல்லாம் இவக்குப் பிஸ்கட்தான். மச்சாள்மார் எல்லாம் சாப்பிடுவாங்க, இவ பாத்துக்கொண்டு இரிப்பா."

யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. "இவக்கும் ஒண்டு செய்வன் மகள். கஜு அதுக்குக் கிட்டயும் வராது" என்றேன்.

ஈவா நிமிர்ந்து பார்த்தாள். "எல்லார்ட மாதிரியே இரிக்குமா அங்கிள்?"

"அதே பேப்பர், அதே நூல். பக்கத்தில வெச்சா உங்கட அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். அதுதான் பின்னால் கழுத்தைப் பிடித்தது.

ஷாமினி தன் கையாலேயே ஒரு பாண் பக்கெட்டைக் கொண்டுவந்து தந்தார். அதன் மேலே எழுதியிருந்ததை எல்லாம் வாசித்துப் பார்த்து வாங்கியதாம். சனிக்கிழமை காலையில் கஜு டின்னைத் திறப்பதற்கு முன்பே ஈவாவின் சாண்ட்விச்சைச் செய்து முடித்தேன். பலகையைக் கழுவினேன், கத்தியைக் கழுவினேன், என்னையும் முழங்கை வரை கழுவிக்கொண்டேன். அதே பேப்பரில் சுற்றி, அதே நூலால் கட்டினேன். அடையாளம் வைக்கவில்லை. அடையாளம் வைத்தால் பிஸ்கட் மாதிரி ஆகிவிடுமே! பிறகு கஜு எட்டாத இடமாகப் பார்த்து, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தட்டில் தனியாக எடுத்து வைத்தேன்.

நம்மூர்ப் பிள்ளைகளான உங்களுக்கு இந்நேரம் பிழை விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கஜுவை நினைத்து நினைத்து நோன்பையே மறந்திருந்தேன். நோன்பு காலத்தில் நம் வீடுகளிலும் கடைகளிலும் வாசல் பக்கத்தில் தனியாக ஒரு பொதி இருந்தால் அது யாருக்கு? வாசலுக்கு வந்து ஸலாம் சொல்லுகிறவருக்கு. கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நானே இத்தனை வருடமாக அந்தத் தட்டில் வைத்துத்தான் கொடுத்து வந்திருக்கிறேன்.

நான் ஐஸ் வாங்கப் போயிருந்த நேரத்தில், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஒரு மூத்த பெண் வாசலில் வந்து நின்றிருக்கிறா. நிஸ்தார் அந்தப் பொதியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

நான் திரும்பி வந்து பொதிகளை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தட்டில இரிக்கிறது அந்தக் கனடாப் புள்ளைக்கு மச்சான், அதத் தனியாக் கொண்டா" என்று கத்தினேன். கொஞ்சம் நேரம் எடுத்தான். பிறகு ஒரு சின்னப் பெட்டியில் பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். நான் அதைப் பிறந்த பிள்ளையைப் போல் பிடித்துக்கொண்டேன்.

கல்முனையிலிருந்து புறப்பட்டதிலிருந்து நிஸ்தார் வாய் திறக்கவில்லை. எப்போதும் ஓயாமல் பேசுகிற ஆள். நோன்புக் களைப்பு என்று நினைத்தேன். அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ்ஸுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்:

"மச்சான், அந்தப் புள்ளைக்கு... கஜு அள்ளிச் சாப்பிட்டாத்தான் பிரச்சினையா, இல்லாட்டி கொஞ்சம் பட்டாலும் பிரச்சினையா?"

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"ஏன் கேக்கிறாய்?"

"சும்மாதான்."

"நோன்போட பொய் சொல்லாத. ஏன் கேக்கிறாய்?"

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். தட்டில் இருந்ததை ராத்தாவுக்குக் கொடுத்தது. நான் கத்தியதும் உயிர் போனது. அவசரத்தில் இன்னொன்று செய்து வைத்தது. "ஆனா பச்சைச் சம்பல் போடல்ல மச்சான், வல்லாஹி! அந்தப் பக்கெட் பாணத்தான் எடுத்த. தயிர், வெள்ளரிக்காய், தக்காளி, ஒலிவ், அவ்வளவுதான்."

"எந்தப் பலகையில வெச்சி வெட்டின?"

"மேசையில கிடந்ததில."

"எந்தக் கத்தி?"

"துடைச்சிட்டுத்தான் வெட்டின."

வேனை ஓரத்தில் நிறுத்தச் சொன்னேன். மடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். அதே பேப்பர், அதே நூல். நான் வாக்குக் கொடுத்தபடியே யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"கிறுகிக் கல்முனைக்குப் போவமா?" என்றான் நிஸ்தார்.

போனால் மிச்சப் பாண் கிடைக்கும். ஆனால் அதே மேசைக்கு, அதே கஜு வாசத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் கோமாரியில் நோன்பில்லாத வயிறுகள் எல்லாம் காத்துக்கொண்டிருக்கும்.

"ஒரு வேலை செய்வம்" என்றான். "நாக்கு நுனில வெச்சிப் பாத்துட்டுத் துப்பினா நோன்பு முறியாதாம். நீங்க செஃப்தானே. கஜு இரிக்கா இல்லையா எண்டு உங்கட நாக்குக்குத் தெரியாதா?"

செஃப் என்ற சொல்லுக்கு நான் எப்போதும் மயங்குகிறவன். பொதியைப் பிரித்தேன். ஒரு ஓரத்தைக் கடித்து, நாக்கில் உருட்டி, சந்தியில் எல்லாரும் பார்க்க வேனுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பினேன். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். என் வாயைப் பார்த்தார். கையிலிருந்த சாண்ட்விச்சைப் பார்த்தார்.

"என்ன காக்கா, நோன்பு புடிக்கல்லயா?"

"புடிச்சிரிக்கன் ஹாஜியார். இது... பரிசோதனை."

"ஓமோம்" என்றார். சைக்கிளை மிதிக்கவில்லை. நின்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார். அக்கரைப்பற்றில் இன்றைக்கும் ஒரு வீட்டில் என் கதை ஓடிக்கொண்டிருக்கும்.

"என்ன ருசி?" என்றான் நிஸ்தார்.

"தயிர். வெள்ளரிக்காய். உப்பு. கஜு இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்! பாத்தியளா? கடிச்ச பக்கத்த வெட்டி எடுத்திட்டுத் திரும்பக் கட்டுவம்."

எனக்கும் ஒரு கணம் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், கட்டுவதற்கு நூலைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்த அரபிக்காரரின் கேள்வி ஞாபகம் வந்தது. அவர் ஒரு நாளும் "ருசி எப்படி?" என்று கேட்டதில்லையே. விடியற்காலையிலிருந்து காய்ந்து கிடக்கிற என் நாக்கு என்ன சாட்சி சொல்லும்? துடைத்த கத்தியின் பிடியோரத்தில் ஒட்டியிருக்கிற துளியை எந்த நாக்குக்குத் தெரியும்? அது தெரிகிற தொண்டை ஒன்றுதான் இருக்கிறது. அது கோமாரியில் பசியோடு காத்திருக்கிறது.

நூலைக் கீழே வைத்தேன்.

"அப்ப, பொதி மறந்துபோச்செண்டு சொல்லுவம். புள்ளை பிஸ்கட் சாப்பிடட்டும்" என்றான் நிஸ்தார். "ஆருக்கும் ஒண்டும் ஆகாது."

தம்பிமாரே, தங்கைமாரே, அன்றைக்கு எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். பிள்ளைக்கும் ஆபத்தில்லை, என் மானத்துக்கும் ஆபத்தில்லை. வேன் கொஞ்ச தூரம் ஓடும்வரை அந்தப் பொய்யை நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒத்திகையிலேயே ஒரு மாமி குறுக்கே வந்தா. எந்தக் குடும்பத்திலும் அப்படியொரு மாமி இருப்பா. "பாவம் புள்ளை, பிஸ்கட் என்னத்துக்கு? இதில உள்ள சம்பல வழிச்சிட்டுக் குடுப்பம்" என்று சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்துப் பாசத்தோடு வழிப்பா. ஷாமினி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு நிமிடம் போதும். எல்லாப் பொதியும் ஒரே மாதிரி. என் கைவண்ணம்.

மறுபடியும் வேனை நிறுத்தச் சொல்லி ஷாமினிக்குப் போன் எடுத்தேன். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போனது. அந்த மனிதரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஷாமினி முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆர் ஆர் அதத் தொட்டது?"

கத்தாரில் விட்டுவந்த கேள்வி, அக்கரைப்பற்றில் என்னைப் பிடித்துவிட்டது. "நிஸ்தாரும் நானும்."

"கஜு பட்ட பலகையா?"

"ஓம் மகள்."

"கத்தி கழுவினதா?"

"துடைச்சது."

"கழுவினதா, துடைச்சதா?"

"துடைச்சது."

பிறகு, "அதத் தூர வீசிடுங்க. நீங்க இனி ஒண்டும் செய்ய வேணாம். முழுசா உள்ள சாமானா வாங்கிக்கொண்டு வாங்க. ஒண்டையும் வெட்டாதீங்க, பிரிக்காதீங்க. பாண் வாங்க முதல் பக்கெட்டில எழுதி இரிக்கிறதப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்க."

"சரி மகள்."

"நானா, இப்ப இவட்ட நான் என்னத்தச் சொல்ல? காலையில இருந்து 'எப்ப வருவாங்க' எண்டுதான் கேட்டுக்கொண்டு நிக்கிறா."

"கொஞ்சம் சுணங்கும் எண்டு சொல்லுங்க" என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

வேனைச் சந்திப் பக்கம் திருப்பி ஒரு பெரிய கடைக்குள் போனோம். பாண் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படம் எடுத்தேன். முதலாவதற்கு 'வேணாம்' என்று பதில் வந்தது. அடுத்ததற்கும் 'வேணாம்'. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "காக்கா, நீங்க பாண் வாங்க வந்தீங்களா, பாணுக்குப் பாஸ்போட் எடுக்க வந்தீங்களா?" என்றார். சிரிக்கத் தெம்பில்லை. பின்வரிசையில் கிடந்த ஒரு பக்கெட்டுக்குத்தான் 'ஓம்' வந்தது.

அட்டையில் ஒட்டியபடி ஒரு புதுக் கத்தி. பிரிக்காத பேப்பர்ச் சுருள், நூலுருண்டை. மூடி திறக்காத ஒலிவ் போத்தல். வாய் கட்டிய தயிர்ச் சட்டி. வெள்ளரிக்காய், தக்காளி, தேசிக்காய். புதினாக் கட்டை எடுக்கக் கை நீட்டும்போது மரக்கறிக்காரர் பக்கத்திலேயே கஜு நிறுத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். நெருப்பைத் தொட்டவன்போல் கையை இழுத்தேன். புதினா இல்லாமல் யாரும் செத்ததில்லை.

கோமாரித் தோட்டத்து வாசலிலேயே ஷாமினி நின்றார். பையை வாங்கிக்கொண்டு, "நானா, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நில்லுங்க. உங்கட சேட்டிலயும் இரிக்கலாம்" என்றார். சொன்னது சரி. சேட்டைக் குனிந்து பார்த்தேன். பொக்கட்டோரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. இதே சேட்டோடுதான் அந்தப் பொதியைக் கோமாரி வரை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டு வர இருந்தேன்.

ரீச்சர் மற்றவர்களுக்கான பெட்டியைத் தோட்டத்தின் மறுபக்கம் கொண்டுபோனார். ஷாமினி கழுவக்கூடியதையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதில் வைத்தார். பிறகு மகளின் கையைக் கழுவிவிட்டு, "நீயே செய்" என்றார்.

செஃப்பாகிய நான் இரண்டு தென்னைகளுக்கு அப்பால் நாடு கடத்தப்பட்டவனாக நின்றேன். ஈவா வெள்ளரிக்காயை ஒரு துண்டு விரல் மொத்தத்தில், அடுத்தது காற்றில் பறக்கிற மெல்லிசில் வெட்டினாள். சட்டித் தயிரில் பாதியை அள்ளிப் போட்டாள்.

"தண்ணிய வடிய விடுங்க மகள்! பாண் ஊறிப்போகும்!"

"அங்கிள், சத்தம் போடாதீங்க. நான் செய்றன்."

நிஸ்தார் எனக்குப் பின்னால் நின்று சிரித்தான். அந்த நிமிடம்தான் அது நடந்தது. ஈவாவின் வயதுள்ள ஒரு பொடியன், பாதி கடித்த பச்சைச் சம்பல் சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்தபடி ஓடிவந்து, "நானும் செய்யப் போறன்" என்று மற்றக் கையைத் தயிர்ச் சட்டிக்குள் நீட்டினான். உதட்டிலும் விரலிலும் பச்சை.

"டேய்! நில்லுடா!"

என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. தென்னையிலிருந்து காகங்கள் எழும்பின. பொடியன் சிலையாக நின்றான். ஷாமினி பாய்ந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். விரலுக்கும் சட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அவர் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். என் வாழ்க்கையில் வாங்கிய பெரிய சான்றிதழ் அது. அதைக் கத்தியதற்காகத்தான் வாங்கினேன், வெட்டியதற்காக அல்ல.

ஈவா சாப்பிடத் தொடங்கினாள். தயிர் முழங்கை வரை வடிந்தது. ஷாமினி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஷாமினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலை முடிந்துவிட்டது, போகலாம். ஆனால் கால் வரவில்லை. வேனின் டயருக்குப் பக்கத்தில் குந்தி, ஏதோ பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"அங்கிள் ஏன் இன்னும் போகல்ல?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"டயரில காத்து இல்ல மகள்."

"நல்லாத்தானே இரிக்கி மச்சான்" என்றான் நிஸ்தார். அவனுக்கு எந்த நேரத்தில் உண்மை பேசுவது என்று ஒருநாளும் தெரியாது.

அவள் கடைசிக் கடியை விழுங்கியபின்னும் நான் டயரோடுதான் இருந்தேன். அவள் எழும்பி ஓடினாள், விழுந்தாள், சிரித்தாள், கை வாய் கழுவிய மற்றப் பிள்ளைகளோடு அலைக்குப் போனாள். அவள் ஒரு தடவை இருமினாள். ஷாமினியின் கை பைக்குள் போனது. நான் டயரைப் பிடித்துக்கொண்டேன். மூக்கில் தண்ணீர் போன இருமல் அது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் நாங்கள் வேனில் ஏறினோம்.

புறப்படும்போது ஈவா ஓடிவந்தாள். கையில் நாங்கள் வாங்கி வந்த பேப்பரில், நாங்கள் வாங்கி வந்த நூலால், கோணல்மாணலாகக் கட்டிய ஒரு பொதி. "இது உங்களுக்கு. நோன்பு முடிஞ்சா சாப்பிடுங்க. நான் செஞ்சது." ஷாமினி இடையில் புகுந்து அதை வாங்கி, விரல் நுனியால் நிஸ்தாரிடம் நீட்டினார். எனக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் அந்தப் பச்சைப் பொட்டு இருந்தது.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு அதைத்தான் பிரித்தோம். பாண் ஊறிப்போயிருந்தது. உப்பே இல்லை. தயிர் முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தது. நான் இதுவரை கைவைத்த சாண்ட்விச்சுகளில் "யார் தொட்டது" என்ற கேள்விக்கு முழுப் பதிலும் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். நிஸ்தார், "மச்சான், தண்ணி வடிய விடல்ல" என்றான்.

இன்றைக்கு நீங்கள் கடையில் பார்க்கிற சட்டங்கள் அன்றைக்கு வந்தவை. ஒவ்வாமை உள்ளவருக்கான பொதியின்மேல் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதுவது. அதைச் செய்தவர் தன் கையைவிட்டு அதை இறக்காமல் இருப்பது. கதவோரத் தட்டில் கொடுப்பதற்கு உள்ளதைத் தவிர வேறு எதையும் வைக்காமல் இருப்பது. நான் இப்போதும் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பது சட்டத்தில் இல்லை. அது என் வியாதி.

அடுத்த நாள் காலையில் அந்த ராத்தா வாசலுக்கு வந்தா. என் பிழைப்பிலேயே மிகச் சுத்தமாக, மிகப் பயந்து, மூச்சைப் பிடித்துச் செய்த சாண்ட்விச் அவவுடைய வயிற்றுக்குள்தான் போயிருந்தது. ஆவலை அடக்க முடியாமல், "நேத்து நோன்பு திறக்கத் தந்தது எப்பிடி ராத்தா?" என்று கேட்டேன்.

அவ கொஞ்சம் யோசித்தா. மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்ற முகம்.

"நல்லாத்தான் இரிந்திச்சி தம்பி. கொஞ்சம் கஜு போட்டிருக்கலாம்."